பிரசவ வார்டிலிருந்து வந்த துணைவேந்தர்

'முதலியார் மேனன்' என்றால் எங்கள் பிரசவ வார்டில் ஒரு தடித்த புத்தகம். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நான் செவிலியராக இருந்தபோது, பயிற்சி டாக்டர்கள் பரீட்சை நெருங்கினால் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே அலைவார்கள். குழந்தை குறுக்கே கிடந்தால் என்ன செய்வது, நஞ்சுக்கொடி வராவிட்டால் என்ன செய்வது, எல்லாம் அதில் இருக்கும். முதலில் வெளிவந்தது 1938இல். பின்வந்த மருத்துவர்கள் திருத்தித் திருத்தி இன்னும் அச்சில் வைத்திருக்கிறார்கள்.

அந்த முதலியார்தான் சர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார். 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஒரு தவணை மூன்று ஆண்டு, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் செய்யூர்ப் பக்கத்தில் இதைச் சொன்னால், "டாக்டருக்கு அங்கே என்னம்மா வேலை?" என்று கேட்கிறார்கள்.

1887இல் கர்நூலில் பிறந்தவர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். மற்றவர் மைசூர் திவானாக இருந்த, ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரான ராமசாமி முதலியார். லட்சுமணசுவாமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பெயர் எடுத்து, அதே கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வரானார். அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகம்.

துணைவேந்தராக அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது கட்டடங்கள் அல்ல, ஆள் பிடித்தது. அழகப்பச் செட்டியாரின் கொடையில் 1944இல் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது, சரி. ஆனால் 1952இல் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேட வேண்டியிருந்தபோது அவர் சர் சி.வி. ராமனிடம் யோசனை கேட்டார். ராமன் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரன் பெயரைச் சொன்னார். அப்போது ராமச்சந்திரனுக்கு வயது முப்பதுதான். அந்தப் பையனை நம்பி ஒரு துறையையே ஒப்படைத்தார் முதலியார். ஆய்வுக்கூடம், கருவி, ஆட்கள் என்று கேட்டதற்கெல்லாம் துணை நின்றார். இரண்டே ஆண்டில், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தை ராமச்சந்திரன் உலகுக்குச் சொன்னார்: மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு. நம் தோலையும் எலும்பையும் இழுத்துப் பிடித்து வைப்பது அதுதான். பனிக்குடம் மாதம் நிறையும்வரை கிழியாமல் தாங்குவதும் அதனால்தான். பிரசவ டாக்டர் ஒருவர் நடத்திய பல்கலைக்கழகத்தில் இது கண்டுபிடிக்கப்பட்டது எனக்குத் தனிச் சந்தோஷம். முதலியார் பதவியை விட்டு இறங்கிய ஓரிரு ஆண்டில் ராமச்சந்திரன் பெங்களூர் போய்விட்டார்.

வெளிவேலைகளும் ஏராளம். 1952–53இல் நாடு முழுவதற்குமான உயர்நிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவர். 1954 முதல் 1956 வரை யுனெஸ்கோ நிர்வாகக் குழுவின் தலைவர். 1961இல் உலகச் சுகாதாரப் பேரவை டெல்லியில் கூடியபோது அதற்கும் தலைவர். அதே ஆண்டில் மத்திய அரசுக்கு அவர் தலைமையில் ஒரு சுகாதார அறிக்கை போனது. ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் 40,000 பேருக்கு மேல் பார்க்கக் கூடாது; புதிதாகத் திறப்பதற்கு முன் இருப்பதை ஒழுங்காக்குங்கள் என்றது அது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில் எனக்கு வழக்கு உண்டு. கடப்பாக்கம் போன்ற ஊரில் நடு ராத்திரி வலி எடுத்தவளுக்கு ஒழுங்கான நிலையம் எங்கோ இருந்து என்ன பயன்? பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரிப் படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்ற கட்சிக்காரர் அவர். தமிழில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு அந்தத் தடித்த புத்தகம் கடைசிவரை டாக்டர்களின் கையில் இருந்த பொருள்தான். அவருக்குப் பின் துணைவேந்தராக வந்த நெ.து. சுந்தரவடிவேலு எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்துக்காரர், காமராஜரின் மதிய உணவுத் திட்டத்துக்குத் தோள் கொடுத்தவர், தமிழ் வழிக் கல்வியின் பக்கம் நின்றவர். அவர் இருந்தது இரண்டே தவணை.

முதலியார் எண்பதைத் தாண்டியபின்தான் நாற்காலியை விட்டார். அது அதிகம் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். 1942இல் மலபார் வரை நீண்டிருந்த பல்கலைக்கழகத்தின் எல்லை, அவர் கண்முன்னே கேரளம், திருப்பதி, 1966இல் மதுரை என்று தனித்தனிப் பல்கலைக்கழகங்களாகப் பிரிந்து சுருங்கியது. அப்போதும் அவர் இருந்தார். 1974 ஏப்ரலில் காலமானார்.

செங்கல்பட்டு மாவட்டக் கலைக் கல்லூரிகள் இன்றும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருக்கின்றன. 27 ஆண்டுகள் ஒரே ஆள் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலி, 2023 ஆகஸ்டில் ஒரு துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் ஓராண்டுக்கு மேல் காலியாகவே கிடந்தது.