பஞ்சாபில் பயிர் மாற்றம்: திட்டமும் விலையும்

1970-71ஆம் ஆண்டில் பஞ்சாபில் நெல் பயிரான பரப்பு 4 லட்சம் எக்டேருக்கும் குறைவு. இன்று அது 30 லட்சம் எக்டேரைத் தாண்டியுள்ளது. அரிசியை முதன்மை உணவாகக் கொள்ளாத ஒரு மாநிலம், மத்தியத் தொகுப்பின் அரிசிக் களஞ்சியமாக மாறியது. இதன் பொருட்டு இழந்தது நிலத்தடி நீர். ஆண்டுதோறும் எடுக்கத்தக்க அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் அங்கு இறைக்கப்படுகிறது.

இவ்வபாயம் முன்னரே உணரப்பட்டதுதான். கோதுமை, நெல் பரப்பில் 20 விழுக்காட்டைப் பிற பயிர்களுக்கு மாற்றுமாறு பேராசிரியர் எஸ். எஸ். ஜோல் தலைமையிலான குழு 1986இலேயே பரிந்துரைத்தது. நெல் பரப்போ மேலும் பெருகியது. காரணம் காண்பது கடினமன்று. குறைந்தபட்ச ஆதரவு விலை இருபதுக்கும் மேற்பட்ட விளைபொருள்களுக்கு அறிவிக்கப்படினும், மண்டிக்கு வருவதைத் தவறாது அரசு கொள்முதல் செய்வது பெரும்பாலும் நெல், கோதுமை இரண்டையே. மக்காச்சோளம் விதைத்தவர் வணிகர் கூறும் விலைக்கு உடன்பட வேண்டும். 1997இல் பாசன மின்சாரமும் இலவசமாக்கப்பட்டது. இந்நிலையில் உழவரைக் குறை கூறுவது அலுவலகத்தில் அமர்ந்திருப்போர்க்கே எளிது.

2009ஆம் ஆண்டுச் சட்டம் ஜூன் 10க்கு முன் நெல் நாற்று நடுவதைத் தடை செய்தது. ஆவியாகும் நீர் ஓரளவு மிச்சமாயிற்று. ஆனால் அறுவடை தள்ளிப்போனது. கோதுமை விதைப்புக்கு எஞ்சிய நாட்கள் சுருங்கின. தாளெரிப்பு காற்றோட்டம் குன்றிய நவம்பரை நோக்கி நகர்ந்தது. டில்லியின் புகைமூட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பயிர் மாற்றத் திட்டங்களை விதை மானியத்தினின்று தொடங்குதல் வழக்கம். கொள்முதலினின்று தொடங்குவதே பொருத்தம். மக்காச்சோளத்துக்கும் பருப்புக்கும் உலர்த்தும் களம், கிடங்கு, உறுதியான கொள்முதல் ஆகியவை விதைப்புக்கு முன்னரே உழவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதுவும் ஓரிரு பருவங்களுக்கன்று, குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு.