வட்டியில்லாத் தவணையா? கணக்குப் போட்டுப் பாருங்கள்!

தீபாவளி நெருங்கிவிட்டால் கரோல் பாக், லாஜ்பத் நகர் கடைகளில் தவணை வியாபாரம் களை கட்டிவிடும். பிரிஜ், டெலிவிஷன், செல்போன் எதுவானாலும் 'வட்டியே கிடையாது' என்பார்கள். வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சும் சம்பளத்தில் காலம் தள்ளும் குமாஸ்தாவுக்கு அது தேனாக இனிக்கும்.

ஆனால், பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காவிட்டால், அதுவே வட்டி. 'பிராசஸிங்' கட்டணமும் வட்டியே.

இன்னொரு கணக்கு: 24,000 ரூபாய்க் கடன், வட்டி 12 சதவீதம், 12 தவணை. வட்டி 2,880 ரூபாய் சேர்த்து மாதம் 2,240 ரூபாய். ஆனால் அசல் மாதாமாதம் குறைகிறதே! வட்டி மட்டும் முழு அசலுக்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி சுமார் 21.5 சதவீதம்.

இந்த மறைப்பைத் தடுக்கத்தான் 1-10-2024 முதல் தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கட்டாயம் தரவேண்டும் என்று விதி வந்தது. கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த வருட வட்டி அதில் இருக்க வேண்டும். அத்தாள் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஹிந்தி தெரியாதவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

கிரெடிட் கார்டு விஷயத்தில் இன்னும் உஷார் தேவை. 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால் பாக்கிக்கு வட்டி ஏறும். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருடத்துக்கு 42! பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி உண்டு.

தவணை தவறினால் கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் பதிவாகும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை இந்த அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. வாங்கிப் பார்த்து, தவறிருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

பாக்கி வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. மிரட்டினால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் தீர்வு இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம், கட்டணம் இல்லை.

கடன் வாங்குவது குற்றமல்ல. மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்காமல் வாங்குவதுதான் ஆபத்து.