உப்பைக் குடித்து வாழும் உயிர்

தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீர் பாத்தி மாறிப் பாத்தி மாறிச் சுண்டும். சுண்டச் சுண்ட, அதோடு வந்த உயிர்கள் ஒவ்வொன்றாக மடியும். மீன்கள் சீக்கிரமே தோற்றுவிடும். அவை தோற்ற இடத்தில்தான் ஆர்ட்டீமியா பெருகுகிறது. சுமார் ஒரு செ.மீ. நீளம்; இறாலுக்குத் தூரத்து உறவு. மல்லாந்த நிலையில், 11 ஜோடிக் கால்களை அலையலையாக அசைத்தபடி நீந்தும். நீந்துவது, மூச்சு விடுவது, இரையை வடிகட்டுவது எல்லாமே அந்தக் கால்களால்தான்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 200 கிராமைத் தாண்டிய நீரிலும் ஆர்ட்டீமியா உயிரோடு இருக்கும். உப்பைத் தாங்கிக்கொள்ளும் உடல் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அதன் உடல் திரவத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் இருப்பதைவிடக் குறைவு! வெளியே இருக்கும் அடர்ந்த உப்புநீர் அதன் உடலிலிருந்து தண்ணீரை ஓயாமல் உறிஞ்சுகிறது. இழந்ததை ஈடுகட்ட அந்த உப்புநீரையே குடித்தாக வேண்டும். கூடவே உள்ளே வந்த உப்பைச் செவுள்கள் வெளியே தள்ளுகின்றன. குஞ்சுக்குச் செவுள் இல்லை. பிடரியில் உள்ள ஓர் உறுப்பு அந்த வேலையைச் செய்கிறது. வாழ்நாள் முழுக்க ஓயாத உழைப்பு இது. இதற்குக் கிடைக்கும் கூலி பெரிது: தின்ன வரும் மீன் அங்கே இல்லை. உப்பே அதற்கு அரண். பறவைகளை மட்டும் அந்த அரண் தடுப்பதில்லை.

உப்பு ஏறினால் நீரில் ஆக்சிஜன் குறையும். அப்போது ஆர்ட்டீமியா ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ள, உடல் சிவக்கிறது.

என்னை மிகவும் வியக்க வைப்பது அதன் முட்டைதான். நிலைமை நன்றாக இருந்தால் குஞ்சாகவே ஈனும் தாய், நிலைமை கெட்டால் கெட்டியான ஓடுள்ள முட்டைகளை இடுகிறது. உள்ளே ஏறக்குறைய 4,000 செல்களோடு வளர்ச்சி நின்றுபோன கரு. நீர் வற்றி உலர்ந்தாலும், டிரெஹலோஸ் என்ற சர்க்கரை செல்களின் கட்டமைப்பு சிதையாமல் காக்கிறது. பல ஆண்டுகள் கழித்துத் தண்ணீரில் இட்டாலும் ஓரிரு நாளில் பொரியும். 1972இல் அப்போலோ 16, 17 விண்கலங்களில் இந்த முட்டைகள் நிலவுவரை போய் வந்தன. விண்கதிர்த் துகள்கள் துளைத்த முட்டைகளில் பல, வளர்ச்சி குலைந்துபோயின. துளைபடாதவை திரும்பி வந்து பொரிந்தன.

தூத்துக்குடியில் நெடுங்காலமாக உள்ள இனத்தில் ஏறக்குறைய எல்லாமே பெண். ஆண் துணையில்லாமலே அவை பெருகுகின்றன. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு ஆர்ட்டீமியாவின் குஞ்சுகள் இன்றியமையாத தீவனம். உப்பளத்துக்கோ அது சம்பளமில்லாத துப்புரவாளி: பாசியைத் தின்று நீரைத் தெளிய வைக்கிறது. நீர் தெளிந்தால்தான் பாத்தியில் விளையும் உப்பும் வெள்ளையாக இருக்கும்.