விருந்துப் பதிவு விளையாட்டு

விருந்துப் பதிவு விளையாட்டு என்பது, நேரடி விற்பனை முகவர்கள் வீடுகளில் நடத்தும் விற்பனை விருந்துகளில் ஆடப்படும் எளிய குழு விளையாட்டு ஆகும். வந்திருக்கும் விருந்தினர்கள் அடுத்த விருந்தைத் தத்தம் வீடுகளில் நடத்த முன்வரவேண்டும் என்பதே இதன் முதன்மை நோக்கம். சீட்டுக் குலுக்கல், உறை தெரிவு, பொருள் கைமாற்றல், வினா விடை எனப் பல வடிவங்களில் இவ்விளையாட்டுகள் அமைகின்றன. இம்முறை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் வளர்ச்சியடைந்து, பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது.

இல்ல விருந்து விற்பனை

இல்ல விருந்து விற்பனையில் மூன்று தரப்பினர் பங்கு கொள்கின்றனர். முதலாமவர், தன் வீட்டில் இடம் கொடுத்து, நண்பர்களையும் உறவினர்களையும் அழைக்கும் விருந்தளிப்பவர். இரண்டாமவர், பொருட்களைக் கொண்டுவந்து அவற்றின் பயன்பாட்டைச் செய்து காட்டும் முகவர். மூன்றாம் தரப்பினர் விருந்தினர்கள். விற்பனையின் அளவுக்கும், அன்று கிடைத்த புதிய விருந்துப் பதிவுகளின் எண்ணிக்கைக்கும் ஏற்ப விருந்தளிப்பவருக்குப் பொருட்களாகப் பரிசு வழங்கப்படுகின்றது. முகவர் பெரும்பாலும் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். விற்பனையில் ஒரு விழுக்காட்டைத் தரகாகப் பெறும் தனி வணிகர் ஆவார்.

வரலாறு

வீட்டில் பலரைக் கூட்டிப் பொருளைச் செய்து காட்டி விற்கும் முறையைப் பரவலாக்கியவற்றுள் ஸ்டான்லி ஹோம் புராடக்ட்ஸ் நிறுவனம் குறிப்பிடத்தக்கது. 1931 இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிராங்க் ஸ்டான்லி பெவரிட்ஜ் என்பவரால் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், தூரிகைகளையும் துப்புரவுப் பொருட்களையும் விற்றது. வீடு வீடாகச் சென்று ஒருவருக்குச் செய்து காட்டுவதைவிட, ஒரே வீட்டில் பலருக்குச் செய்து காட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தியது.

இம்முறை உலகப் புகழ் பெற்றது டப்பர்வேர் நிறுவனத்தின் மூலமாகும். ஏர்ல் டப்பர் (1907-1983) உருவாக்கிய பாலித்தீன் கொள்கலன்கள் 1946 இல் கடைகளுக்கு வந்தன. அவற்றின் மூடியைச் சற்று அழுத்திக் காற்றை வெளியேற்றினாலன்றிச் சரியாக மூடாது. இதைச் செய்து காட்டுவதற்குக் கடைகளில் எவரும் இல்லாமையால் விற்பனை மந்தமாக இருந்தது. ஸ்டான்லி நிறுவனத்தில் முகவராக அனுபவம் பெற்றிருந்த பிரவுனி வைஸ் (1913-1992) என்ற பெண்மணி, இதே கொள்கலன்களை இல்ல விருந்துகள் மூலம் பெருமளவில் விற்றார். பழச்சாறு நிரப்பிய கிண்ணத்தை மூடி அறையின் குறுக்கே எறிந்து, ஒரு துளியும் சிந்தாததைக் காட்டுவது அவரது புகழ்பெற்ற உத்தியாகும். 1951 இல் டப்பர் அவரைத் துணைத் தலைவராக நியமித்து, பொருட்களைக் கடைகளிலிருந்து விலக்கி, இல்ல விருந்து முறையை மட்டுமே கைக்கொண்டார். 1954 இல் பிசினஸ் வீக் இதழின் அட்டையில் வைசின் படம் வெளிவந்தது. அவ்விதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் இவரே.

வைஸ் விளையாட்டை விருந்தினருடன் நிறுத்தவில்லை. முகவர்களை ஊக்குவிக்கவும் அதைப் பயன்படுத்தினார். புளோரிடாவில் கிசிமீ அருகே இருந்த தலைமையகத்தில் நடந்த ஆண்டுக் கூட்டங்களில், மண்ணில் புதைத்து வைக்கப்பட்ட பரிசுகளை முகவர்கள் மண்வெட்டி கொண்டு தோண்டி எடுக்கும் நிகழ்ச்சி இடம்பெற்றது. எனினும் 1958 இல் வைஸ் பதவி நீக்கம் செய்யப்பட்டார். நிறுவனத்தில் அவருக்குப் பங்குகள் ஏதும் இல்லை. ஓராண்டுச் சம்பளத்துக்கு இணையான ஏறத்தாழ 30,000 டாலர் மட்டுமே அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் டப்பர் நிறுவனத்தை 16 மில்லியன் டாலருக்கு விற்றார்.

ஸ்டான்லியில் முகவராக இருந்த மற்றொருவரான மேரி கே ஆஷ் 1963 இல் டல்லாஸ் நகரில் தன் அழகுப்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். 1980 இல் இலினாய் மாநிலத்தில் டோரிஸ் கிறிஸ்டோபர் தொடங்கிய பாம்பர்ட் செஃப் நிறுவனம், சமையற் கருவிகளை இதே முறையில் விற்றது.

பதிவின் இன்றியமையாமை

கடைக்கு வாடிக்கையாளர் தாமாகவே வருவர். இல்ல விருந்து முகவருக்கோ அடுத்த விருந்து எங்கு என்பது இன்றைய விருந்திலேயே முடிவாக வேண்டும். எனவே ஒரு விருந்தின் வெற்றி அன்றைய விற்பனைத் தொகையால் மட்டுமன்றி, அன்று கிடைத்த பதிவுகளாலும் அளவிடப்படுகின்றது.

இதன் கணக்கு எளிதானது. ஒரு விருந்திலிருந்து சராசரியாக ஒரு பதிவு கிடைத்தால் முகவரின் தொழில் அதே அளவில் தொடரும். இரண்டு விருந்துகளுக்கு ஒரு பதிவே கிடைத்தால், வாரம் எட்டு விருந்துகள் நடத்துபவர் அடுத்த வாரங்களில் நான்கு, இரண்டு, ஒன்று எனக் குறைந்து விரைவில் தொழிலை இழப்பார். மாறாக, ஒவ்வொரு விருந்தும் அடுத்த வாரத்துக்கு இரண்டு விருந்துகளைத் தருமாயின் பத்தாம் வாரத்தில் மட்டும் 512 விருந்துகள் நடைபெற வேண்டும். விருந்துக்குப் பத்துப் பேர் என்றால் 5,120 விருந்தினர்கள் தேவை. எந்தச் சிற்றூரிலும் இது நீடிக்க இயலாது. ஒரே நட்பு வட்டத்தினர் மீண்டும் மீண்டும் அழைக்கப்படுவதால் பதிவுகள் இயல்பாகவே குறைகின்றன. இக்குறைவை ஈடுசெய்யும் கருவியாகவே முகவர்கள் விளையாட்டுகளைப் பயன்படுத்துகின்றனர்.

விளையாட்டு வகைகள்

இவ்விளையாட்டுகளை அவற்றின் பணியைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

1. கூச்சம் போக்குவன: ஒருவரையொருவர் அறியாத விருந்தினர்களைப் பேசவும் சிரிக்கவும் செய்பவை. துணி மாட்டும் கிளிப் விளையாட்டு இதற்கு எடுத்துக்காட்டு. ஒவ்வொருவர் ஆடையிலும் ஒரு கிளிப் மாட்டப்படும். காலின்மேல் கால் போட்டாலோ, விலக்கப்பட்ட ஒரு சொல்லைச் சொன்னாலோ, அதைக் கண்டவர் கிளிப்பைப் பறித்துக்கொள்வார். இறுதியில் அதிக கிளிப் வைத்திருப்பவருக்குப் பரிசு. கைப்பையில் உள்ள பொருட்களைச் சொல்லச் சொல்ல முதலில் எடுத்துக் காட்டும் விளையாட்டும் இவ்வகையினதே.

2. கவனம் ஈர்ப்பன: பொருளையும் தொழிலையும் அறியச் செய்பவை. முகவரின் வேலை பற்றிக் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குலுக்கல் சீட்டு வழங்கப்படும். சீட்டுக்காகக் கேட்கப்படும் கேள்விகளாயினும், விருந்தளிப்பவருக்கு என்ன கிடைக்கும், முகவர் எவ்வளவு ஈட்டுகின்றார் என்பன அனைவருக்கும் தெரியவருகின்றன. முகவர் தாமாகச் சொன்னால் விளம்பரமாகப் படும் செய்தி, கேள்விக்கு விடையாக வரும்போது உரையாடலாகின்றது.

3. பதிவு பெறுவன: நேரடியாக அடுத்த விருந்துக்கான நாளைக் குறிக்கச் செய்பவை. உறை தெரிவு விளையாட்டில், முகவருக்கு ஓய்வாக உள்ள நாட்கள் உறைகளின் மேல் எழுதப்பட்டுப் பலகையில் குத்தப்படும். ஒவ்வொரு உறையிலும் ஒரு பரிசின் பெயர் இருக்கும். ஒன்றில் மட்டும் பெரிய பரிசு. ஓர் உறையை எடுப்பவர் அந்த நாளில் விருந்து நடத்த ஒப்புக்கொள்கின்றார். பரிசு விருந்து நடந்த பின்னரே வழங்கப்படும். பலூனை உடைத்து உள்ளிருக்கும் சீட்டை எடுப்பது இதன் மற்றொரு வடிவம்.

இம்மூன்றும் பொதுவாக மேற்கண்ட வரிசையிலேயே வருகின்றன. கூச்சம் நீங்கும் முன் பதிவு கேட்கப்பட்டால், முதல் விருந்தினர் மறுத்ததைப் பார்த்து மற்றவர்களும் மறுப்பது எளிதாகிவிடும்.

உளவியல் அடிப்படை

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி, இணங்க வைத்தல் பற்றி 1984 இல் வெளியிட்ட நூலில் டப்பர்வேர் விருந்தை எடுத்துக்காட்டாக ஆராய்ந்துள்ளார். விளையாட்டில் வெல்லாதவர்களும் பையிலிருந்து ஒரு சிறு பரிசை எடுத்துக்கொள்வதால், விற்பனை தொடங்கும் முன்பே அனைவரும் ஏதோவொன்றைப் பெற்றவர்களாகின்றனர். பெற்றதற்குக் கைம்மாறு செய்யவேண்டும் என்ற உணர்வு இங்கே வேலை செய்கின்றது. பொருளின் நன்மையைத் தம் வாயால் சொன்னவர் அச்சொல்லுக்கு ஏற்ப நடக்க முனைவதும், பிறர் வாங்குவதைக் கண்டு தாமும் வாங்குவதும் அவர் சுட்டும் பிற காரணிகள். எல்லாவற்றினும் வலிமையானது, கேட்பவர் அயலார் அல்லர், நண்பர் என்பதே. முகவர் விற்றாலும், வாங்காவிடில் ஏமாற்றமடைபவர் விருந்தளித்த நண்பர்தான் என்று விருந்தினர் எண்ணுகின்றனர். 1990 இல் ஃபிரென்சன், டேவிஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வும், விருந்தளிப்பவருடனான உறவின் நெருக்கம், விருந்தினர் வாங்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றது என்று காட்டியது.

செலவும் பயனும்

பரிசுகளின் செலவு பல நிறுவனங்களில் முகவரையே சார்கின்றது. கற்பனையாக, ஒரு விருந்தில் 400 டாலருக்கு விற்பனையாகி, தரகு 25 விழுக்காடு எனக் கொண்டால், முகவருக்கு 100 டாலர் கிடைக்கும். பரிசுகளுக்கு 15 டாலரும் பயணத்துக்கு 10 டாலரும் செலவானால் எஞ்சுவது 75 டாலர். ஆயத்தம், விருந்து, பொருட்களைப் பிரித்து வழங்கல் ஆகியவற்றுக்கு ஆறு மணி நேரம் ஆனால், மணிக்கு 12.50 டாலரே வருமானம். விளையாட்டில் கிடைத்த பதிவு பின்னர் கைவிடப்பட்டால், அதற்கான ஆயத்தமும் வீணாகின்றது. சிரிப்பினிடையே ஒப்புக்கொண்டவர் மறுநாள் மனம் மாறுவது வழக்கமாதலால், உண்மையான விருப்பமின்றிப் பெறப்படும் பதிவு முகவருக்கும் நட்டமே.

விமர்சனங்கள்

1950களின் அமெரிக்காவில் மணமான பெண்கள் பலருக்கு வெளிவேலை எளிதில் கிட்டவில்லை. முன்னனுபவமோ பெரு முதலோ வேண்டாத இத்தொழில் அவர்களுக்கு வருமானத்தையும், பலர் முன்னிலையில் பேசும் துணிவையும் தந்தது. அதே வேளையில், இடுப்பளவை ஒப்பிடும் விளையாட்டு, கணவனை விற்பதற்கு வேடிக்கையாக விளம்பரம் எழுதும் விளையாட்டு போன்றவை பெண்களைச் சிறுமைப்படுத்துவதாகக் கருதப்பட்டன.

நட்பை வணிகமாக்குவது இம்முறையின் மீது வைக்கப்படும் அடிப்படைக் குற்றச்சாட்டு. விளையாட்டில் வெளிப்படையாக மறுப்பது கூட்டத்தின் மகிழ்ச்சியைக் கெடுப்பதாகத் தோன்றுவதால், விருப்பமில்லாதவரும் உடன்பட நேர்கின்றது. நேரடி விற்பனை நிறுவனங்களைப் பற்றி 1989 இல் நூல் எழுதிய சமூகவியலாளர் நிக்கோல் பிகார்ட், இந்நிறுவனங்கள் குடும்ப, நட்பு உறவுகளைத் தவிர்க்காமல் அவற்றையே தொழிலுக்குப் பயன்படுத்துவதை விளக்கியுள்ளார். விளையாட்டில் கலந்துகொள்வதை விருந்தினரின் விருப்பத்துக்கு விடுவதும், பதிவைப் பற்றித் தனியே கேட்பதும் இதற்கு மாற்றாகச் சில முகவர்கள் கையாளும் வழிகளாகும்.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவில் பரிசு, தற்செயல், பங்கேற்பதற்கான பெறுமதி ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது பரிசுச்சீட்டாகக் கருதப்படும். தனியார் அதை நடத்துவது பொதுவாகச் சட்டவிரோதமாகும். பொருள் வாங்கினால் மட்டுமே சீட்டு என்ற விதியுடன் குலுக்கல் நடத்தும் முகவர் இச்சிக்கலில் மாட்டக்கூடும். ஆகவே எல்லோருக்கும் இலவசமாகச் சீட்டு வழங்குவது பாதுகாப்பானது. மேலும், வீட்டில் 25 டாலர் அல்லது அதற்கு மேல் செய்யப்படும் கொள்முதலை மூன்று வேலை நாட்களுக்குள் கைவிடும் உரிமையைக் கூட்டரசு வணிக ஆணையத்தின் விதி அளிக்கின்றது. இவ்விதி 1974 இல் நடைமுறைக்கு வந்தது.

டப்பர்வேர் 1996 இல் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியது. இந்தியாவில் நேரடி விற்பனைக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2021 திசம்பரில் அறிவிக்கப்பட்டன. இவை பிரமிடு திட்டங்களையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடை செய்கின்றன.

அண்மைக் காலம்

2020 இல் கொரோனா பெருந்தொற்றால் வீட்டுக் கூட்டங்கள் நின்றபோது, விருந்துகள் காணொளி வழியாகவும் சமூக வலைத்தளக் குழுக்களிலும் நடத்தப்பட்டன. உறைகளுக்கு மாற்றாக எண்களும், கிளிப்புக்கு மாற்றாகப் பின்னூட்டங்களும் பயன்பட்டன. 2024 செப்டம்பரில் டப்பர்வேர் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் நொடிப்புப் பாதுகாப்புக் கோரியது. எனினும் இல்ல விருந்து முறையும் அதன் விளையாட்டுகளும் அழகுப்பொருள், சமையற் கருவி முதலியவற்றை விற்கும் பிற நிறுவனங்களின் முகவர்களால் தொடர்ந்து பயன்படுத்தப்பட்டு வருகின்றன.