உப்பு அறையில் உட்கார்ந்தால் மூச்சு திணறல் தீருமா? தொழிற்பேட்டை தொழிலாளர்கள் தெரிந்து கொள்ள வேண்டியவை

செவ்வாப்பேட்டை:

சுவர் முழுக்க உப்பு. தரையிலும் உப்பு. மங்கலான விளக்கு வெளிச்சத்தில் சாய்வு நாற்காலியில் 45 நிமிடம் படுத்து இருந்தால் போதும், ஆஸ்துமா, சைனஸ், சளி எல்லாம் பறந்து விடும் என்கிறார்கள். சென்னை போன்ற பெருநகரங்களில் 'உப்பு அறை சிகிச்சை' என்ற பெயரில் இது நடக்கிறது.

செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு, புட்லூர் பக்கம் இருந்து காக்களூர் சிட்கோ, கும்மிடிப்பூண்டி சிப்காட், அம்பத்தூர் என்று தினமும் வேலைக்கு போய் வருபவர்கள் ஏராளம். இரும்பு உருக்கும் ஆலை, வார்ப்பட தொழிற்சாலை, வெல்டிங், பெயிண்டிங் என்று தூசியிலும் புகையிலும் நிற்கிற வேலை பலருக்கு. ராத்திரி ஷிப்டு முடிந்து வரும்போது நெஞ்சு இறுக்கம், இருமல். "உப்பு அறைக்கு ஒரு தடவை போய் பார்த்தா என்ன?" என்ற எண்ணம் வருவது இயல்புதான். போவதற்கு முன்பு தெரிந்து கொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

உப்பு சுரங்கத்தில் பிறந்த வைத்தியம்

ஐரோப்பாவில் உள்ள போலந்து நாட்டில் வியலிச்கா என்ற ஊரில் மிக பழமையான உப்பு சுரங்கம் உள்ளது. அங்கு டாக்டராக இருந்தவர் பெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி. சுரங்க தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் குறைவாக இருப்பதை கவனித்த அவர், அதுபற்றி 1843-ம் ஆண்டு புத்தகம் எழுதினார். இன்றும் அந்த சுரங்கத்தில் 135 மீட்டர் ஆழத்தில் சுவாச நோயாளிகளுக்கான மையம் செயல்படுகிறது.

2-ம் உலகப்போர் நடந்தபோது ஜெர்மனியில் எனப்பெட்டால் என்ற ஊர் மக்கள் குண்டு வீச்சுக்கு பயந்து ஒரு குகைக்குள் பதுங்கினார்கள். அவர்களில் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு விடுவது சுலபமானது. அதன் பிறகு அந்த குகையையே சிகிச்சைக்கு பயன்படுத்த தொடங்கினார்கள். ஆனால் அது உப்பு குகை இல்லை. சுண்ணாம்பு கல் குகை!

அப்படி என்றால் அந்த மக்களுக்கு நிம்மதி தந்தது எது? குகைக்குள் தூசி இல்லை, புகை இல்லை, பூக்களின் மகரந்தம் இல்லை. வெயில், பனி என்று மாறாமல் ஒரே சீரான வெப்பநிலை. அந்த சுத்தமான காற்றுக்கு இதில் பெரிய பங்கு இருக்க வேண்டும்.

சுவர் உப்பு அழகுக்குதான்

1980-களில் அப்போதைய சோவியத் யூனியனில் சுரங்கத்தை ஓர் அறைக்குள் கொண்டு வர முயன்றார்கள். அப்படி வந்ததுதான் இன்றைய உப்பு அறை.

பலர் நினைப்பது போல் சுவரில் ஒட்டி இருக்கும் உப்பு தானாக மூக்கில் ஏறாது. அது பெரும்பாலும் அலங்காரம். வேலை செய்வது பக்கத்தில் உள்ள ஒரு எந்திரம். உலர்ந்த சுத்தமான உப்பை அது மாவு போல் அரைத்து காற்றில் ஊதுகிறது. பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் நின்று விடும். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் 1 மைக்ரான். 5 மைக்ரானுக்கு கீழ் உள்ள துகள்தான் நுரையீரலின் ஆழம் வரை போகும். எந்திரம் இல்லாத உப்பு அறை என்பது உப்பு ஒட்டிய ஓய்வு அறை, அவ்வளவுதான்.

உப்பு தண்ணீரை இழுக்கும். மூச்சுக்குழாயில் உப்பு படிந்தால் அங்கே ஈரம் கூடி, கெட்டியான சளி இளகும் என்பது இந்த சிகிச்சையின் கணக்கு.

இதில் உண்மையே இல்லை என்று தள்ளி விடவும் முடியாது. 'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' என்பது பிறவியிலேயே சளி கெட்டிப்படும் ஒரு நோய். அந்த நோயாளிகளுக்கு 7 சதவீத உப்பு நீரை நெபுலைசர் மூலம் கொடுத்து ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்தார்கள். 2006-ம் ஆண்டு முடிவு வெளியானது. நுரையீரல் செயல்பாட்டில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. நோய் தீவிரமாவது குறைந்தது. ஆனால் அது டாக்டர் கண்காணிப்பில், அளவு பார்த்து, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை முதலில் கொடுத்து விட்டு செய்தது. சாய்வு நாற்காலியில் படுத்து இருப்பதும் அதுவும் ஒன்று அல்ல.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

ஆஸ்துமாவுக்கு குகை சிகிச்சை பலன் தருமா என்று 'காக்ரேன்' என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2001-ல் அலசியது. தேறியது 3 ஆய்வுகள்தான். அதில் இருந்தது மொத்தம் 124 குழந்தைகள். பலன் உண்டு என்றோ, இல்லை என்றோ உறுதியாக சொல்ல முடியவில்லை. புகை, தூசியால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு உப்பு அறை உதவுமா என்று 2014-ல் வெளியான ஆய்விலும், சிபாரிசு செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றே முடிவு வந்தது.

இன்னொரு விஷயம் முக்கியமானது. ஒருவருக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, 4.5 சதவீத உப்பு நீர் ஆவியை சுவாசிக்க வைக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. ஆஸ்துமா இருந்தால் மூச்சுக்குழாய் சுருங்கி காட்டி கொடுத்து விடும். அதாவது, உப்பு சிலருக்கு மூச்சை திறப்பதற்கு பதில் அடைத்து விடும்.

வீட்டுக்கு வந்தால் அதே தூசி

45 நிமிடம் சுத்தமான அறையில் இருந்து விட்டு, மறுநாள் 8 மணி நேரம், 12 மணி நேரம் அதே தூசியில் நின்றால் என்ன பிரயோஜனம்?

வார்ப்பட வேலையில் மணல் தூசி, கல் குவாரியில் கல் தூசி. இதில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குள் போய் தங்கி தழும்பை உண்டாக்கும். இதற்கு 'சிலிகோசிஸ்' என்று பெயர். அந்த தழும்பை எந்த மருந்தும் அழிக்காது. உப்பும் கரைக்காது. இந்த நோய் வந்தவர்களை காச நோயும் சுலபமாக தாக்கும்.

வெல்டிங் புகை, பெயிண்டில் உள்ள ரசாயனம் ஆகியவற்றால் வரும் ஆஸ்துமாவும் உண்டு. அதை கண்டுபிடிக்க ஒரு எளிய அடையாளம் இருக்கிறது. வார விடுமுறையில் அல்லது ஊருக்கு போய் இருக்கும்போது மூச்சு நன்றாக இருந்து, வேலைக்கு திரும்பியதும் மறுபடி இறுக்கினால், வேலை இடத்தின் மீதுதான் முதல் சந்தேகம் வர வேண்டும்.

சிலிகோசிஸ் தொழில்சார் நோய் பட்டியலில் உள்ளது. இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளிக்கு இப்படி ஒரு நோய் வந்தால் அது வேலையில் ஏற்பட்ட காயம் போல கருதப்படும். ஊனத்துக்கு ஏற்ப உதவித்தொகை பெற வழி உண்டு. அதற்கு எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாம் தேதியோடு கையில் இருக்க வேண்டும். 10 முறை, 15 முறை என்று 'பேக்கேஜ்' பணம் கட்டி உப்பு அறைக்கு போய் வந்ததற்கு ரசீது இருக்கும். நோய்க்கு சான்று இருக்காது. அதற்குள் மாதங்கள் ஓடி விடும்.

முதலில் ஊதி பாருங்கள்

மூச்சு திணறல் உள்ளவர்கள் முதலில் செய்ய வேண்டியது 'ஸ்பைரோமெட்ரி' என்ற ஊதும் பரிசோதனை. ஒரு குழாயில் பலமாக ஊதினால், முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று எந்திரம் காட்டும். ஆஸ்துமாவா, நுரையீரல் அடைப்பா என்று பிரித்து அறிய இது உதவும். இருமல் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளி பரிசோதனை இலவசமாக செய்து கொள்ளலாம்.

திருவள்ளூரில் 2022-ம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு மருத்துவக்கல்லூரி உள்ளது. 1928-ல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இன்று நெஞ்சக நோய்க்கான அரசு ஆஸ்பத்திரியாக இயங்குகிறது. செவ்வாப்பேட்டை ரோடு ரெயில் நிலையத்தில் மின்சார ரெயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரே பூங்கா நிலையத்தில் தாம்பரம் ரெயிலை பிடித்து போய் வரலாம்.

யார் போக கூடாது?

மன நிம்மதிக்காக போகிறவர்களை தடுக்க வேண்டியது இல்லை. செல்போன் இல்லாமல், சத்தம் இல்லாமல் முக்கால் மணி நேரம் படுத்து மெதுவாக மூச்சு விட்டால் உடம்பு இளகத்தான் செய்யும். அந்த பலன் வீட்டு மொட்டை மாடியிலும் காசு இல்லாமல் கிடைக்கும்.

ஆனால் காய்ச்சல், காச நோய், ரத்தம் கலந்த சளி, கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்கள் போகவே கூடாது. மூடிய அறையில் பலர் சேர்ந்து உட்காருவதால் ஒருவரின் தொற்று மற்றவருக்கு பரவும். உள்ளே இருமலோ, நெஞ்சு இறுக்கமோ வந்தால் உடனே வெளியே வந்து விட வேண்டும்.

"இன்ஹேலர் எடுத்தா பழக்கமாயிடும்" என்ற பயம் நம்ம ஊரில் நிறைய பேருக்கு உண்டு. அது தவறு. மருந்து நேராக நுரையீரலுக்கு போவதால் மாத்திரையை விட மிக குறைந்த அளவே போதும். உப்பு அறையை நம்பி இன்ஹேலரை நிறுத்துவதுதான் எல்லாவற்றையும் விட பெரிய ஆபத்து. ஒரு வாக்கியம் முழுதாக பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எந்த அறைக்கும் போகாமல் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.