படிக்கப் போன பிள்ளைக்குத் தொழில் ஆசை வருவது ஏன்?

கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஈப்போவில் குவெஸ்ட் பல்கலைக்கழகம் என்று பேராவிலேயே வெளிநாட்டு மாணவர்கள் பயிலும் இடங்கள் பல உள்ளன. நம் பிள்ளைகளும் ஆஸ்திரேலியா, பிரிட்டன், இந்தியா என்று போகிறார்கள். சேமநிதிப் பணத்தை எடுத்து அனுப்பும் பெற்றோருக்கு எதிர்பார்ப்பு ஒன்றுதான்: பிள்ளை படித்து முடித்து நல்ல வேலையில் அமர வேண்டும். "சொந்தத் தொழில் செய்யப் போகிறேன்" என்று அது சொன்னால் வீட்டில் முதலில் வருவது பயம்தான்.

அந்த ஆசை பெரும்பாலும் போன இடத்தில்தான் முளைக்கிறது. அமெரிக்காவில் தொழில்நுட்ப நிறுவனங்களைத் தொடங்கிய குடியேறிகளைப் பற்றி விவேக் வாத்வா குழுவினர் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்நாட்டுக்குப் போனது படிப்பதற்காக. தொழில் தொடங்குவதற்கென்றே போனவர்கள் 100-க்கு 2 பேர்கூட இல்லை. வந்து சராசரியாக 13 ஆண்டுகள் கழித்தே நிறுவனம் தொடங்கியிருக்கிறார்கள். பட்டம் வாங்கிய மறுநாளே முதலாளி ஆனவர்கள் குறைவு.

வெளியூரில் இருந்து பார்க்கும்போது சொந்த ஊரின் குறை பளிச்சென்று தெரிகிறது. இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த மலேசியர்களான அந்தோனி டானும் டான் ஹூய் லிங்கும் நம் டாக்சிகளில் பெண்கள் பயமின்றிப் போக முடியாததை யோசித்துத் திட்டம் தீட்டினர். 2011-இல் பல்கலைக்கழகப் போட்டியில் அதற்கு இரண்டாம் இடம் கிடைத்தது. 2012-இல் 'மைடெக்சி' கோலாலம்பூரில் ஓடத் தொடங்கியது. இன்று நாம் கைப்பேசியில் அழைக்கும் 'கிரேப்' அதுதான்.

பிரிக்பீல்ட்ஸில் பிறந்த தமிழர் ஆனந்த கிருஷ்ணனும் அப்படிப் படிக்கப் போனவர்தான். கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்தில் மெல்பர்ன் பல்கலைக்கழகம், பிறகு 1964-இல் ஹார்வர்டில் வணிக நிர்வாகப் பட்டம். மெக்சிஸ், அஸ்ட்ரோ எல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தவை. பாடத்தைவிட, பல நாட்டு மாணவர்களோடு பழகிய பழக்கமே இத்தகையோருக்குப் பெரிய முதல் என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை. வெளிநாட்டுப் பட்டதாரியின் வேலை அனுமதி பெரும்பாலும் முதலாளியின் கையில் இருக்கிறது. வேலை போனால் தங்கும் உரிமையும் போகும். 'பிறர் தயவில் எத்தனை நாள்?' என்ற கேள்வி பலரைத் தொழில் பக்கம் தள்ளுகிறது. சொந்தக்காரர்களின் கண் படாத தூரமும் ஒரு துணிச்சல் தருகிறது. தோற்றாலும் கல்யாண வீட்டில் யாரும் விசாரிக்க மாட்டார்கள்!

இது நமக்குப் புதிதும் அல்ல. தமிழகத்திலிருந்து வந்து ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுத்து விற்றவர்களிடம் பட்டம் இல்லை. உறவுக்காரர் கைகொடுக்க, தெரிந்த தொழிலை வைத்துப் பிழைத்தார்கள். தோட்டம் விற்கப்பட்டு வெளியேறி, பட்டணத்தில் லோரியோ சாப்பாட்டுக் கடையோ வைத்தவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. படித்த பிள்ளைக்கு வேறு வழி உண்டு. அவன் தொழிலைத் தேர்ந்தெடுக்கிறான். இந்த வேறுபாட்டைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

ஆசையோடு சட்டத்தையும் பார்க்க வேண்டும். மலேசியாவில் மாணவர் அனுமதியில் இருப்பவர் தொழில் நடத்த முடியாது. குடிநுழைவுத் துறையின் அனுமதியுடன், 7 நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு அங்காடி, தங்கும் விடுதி ஆகியவற்றில் மட்டுமே பகுதி நேர வேலை செய்யலாம். வேறு நாடுகளிலும் மாணவர் விசாவுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பிள்ளை இணையத்தில் ஏதாவது விற்கத் தொடங்குமுன், அந்நாட்டு விதியைப் பல்கலைக்கழகத்தின் அனைத்துலக மாணவர் பிரிவில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். படித்து ஊர் திரும்பித் தொழில் தொடங்கும் மலேசிய இந்தியர்கள் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனுக்கு விண்ணப்பிக்கலாம்.