பழைய ஜீப்பும் மணற்பாதையும்

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும், விலையைக் கேட்ட பலர் வீட்டில் நின்ற பழைய வாகனத்தையே கழுவித் துடைத்து அதிலேயே ஏறிக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என்னைவிட வயதில் மூத்த மிற்சுபிசி டீசல் ஜீப் ஒன்றுதான் எங்களுடைய ஒரே வாகனம். காலையில் எங்களைக் கல்லூரியில் இறக்கிவிடும். பிறகு வாப்பாவின் இரும்புக்கடைச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வடமராட்சி கிழக்குக்குப் போகும். அங்கே தார் வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கினால் மணல்.

இப்படி நாளாந்தம் ஓடும் பழைய வாகனத்தை வீதியில்லாத இடத்திலும் ஓடத்தக்கதாக மாற்றுவது பற்றி நம் பிரதேசத்தில் பலர் பேசுகிறார்கள். பேசுபவர்கள் பெரும்பாலும் நானாமார்தான். ஆனால் அதன் பின்னாலுள்ள விடயம் முழுவதும் நாங்கள் பௌதிகவியல் வகுப்பில் படிப்பதே. எதை மாற்றினாலும் மறுநாள் காலையில் அதே வாகனம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாடசாலைக்கு வரவேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

பழையதை மாற்றி ஓட்டுவது குடாநாட்டுக்குப் புதிதல்ல. 1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற கார்கள் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் அது சாத்தியமாயிற்று. இன்றைய எஞ்சினில் நடக்காது. 1990 ஒக்ரோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, அக்காலத்தைப் புத்தளத்தில் அகதிகளாகக் கழித்தவர்கள் எங்கள் குடும்பத்தார். ஆகவே மண்ணெண்ணெய்க் கார் ஓடியதை அவர்கள் பார்க்கவில்லை. திரும்பி வந்தபின் அயலவர்கள் சொல்லித்தான் தெரியும். கையிலிருக்கும் பொருளை, கிடைப்பதைக் கொண்டு, தேவைக்கு ஏற்ப மாற்றினார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விடயம்.

அப்படியானால் எங்கள் தேவை என்ன? தொலைக்காட்சியில் காட்டும் வாகனங்கள் பாறைகளில் ஏறுகின்றன. குடாநாட்டில் மலையே இல்லை. இங்கே இருப்பவை மூன்று: கடற்கரை மணல், களப்பு ஓரத்துச் சேறு, எல்லாவற்றிலும் கலந்திருக்கும் உப்பு. லாண்ட் றோவரின் கதையும் கடற்கரை மணலில்தான் தொடங்கியது. மொரிஸ் வில்க்ஸ் என்ற பொறியியலாளர் 1947 இல் வேல்ஸிலுள்ள ஒரு கடற்கரையில், மணலிலேயே அதன் உருவத்தைக் கீறிக் காட்டினார் என்று சொல்வார்கள். 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாமில் அது உலகுக்குக் காட்டப்பட்டது.

மணலுக்கு முதல் மாற்றம் ஒரு சதமும் செலவில்லாதது: ரயரின் காற்றைக் குறைப்பது. அமுக்கம் என்பது விசையைப் பரப்பளவால் வகுக்க வருவது என்று ஒன்பதாம், பத்தாம் ஆண்டுகளிலேயே படித்திருக்கிறோம். சாமானோடு சேர்த்து ஜீப்பின் திணிவு 1,600 கிலோகிராம் என்று கொள்வோம். நிறை ஏறத்தாழ 16,000 நியூற்றன். ஒரு சில்லுக்கு 4,000 நியூற்றன். ரயரில் சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் காற்று இருந்தால் அது சுமார் 240 கிலோபஸ்கால். 4,000 ஐ 240,000 ஆல் வகுத்தால், ரயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 167 சதுர சென்ரிமீற்றர். ஒரு உள்ளங்கையளவுக்குச் சற்றுக் கூட. காற்றை 18 இறாத்தலுக்குக் குறைத்தால் அந்தப் பரப்பு 320 சதுர சென்ரிமீற்றரைத் தாண்டுகிறது. ரயரின் சொந்த விறைப்பைக் கணக்கில் எடுக்காத அண்ணளவுக் கணக்குத்தான் இது. ஆனாலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு! அதுவும் ரயர் அகலத்தில் அல்ல, நீளத்திலேயே அதிகம் பரவுகிறது. புதையும் ஜீப் மணலின் மேல் நடக்கத் தொடங்குவது இதனால்தான். ஒட்டகத்தின் பாதத்தைப் படைத்தவன் இதை எப்போதோ காட்டிவிட்டான்.

ஆனால் காற்றுக் குறைந்த ரயரோடு தார் வீதியில் வேகமாக ஓடக்கூடாது. பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறும், வெடிக்கும். திடீரென்று திருப்பினால் ரயர் றிம்மை விட்டுக் கழன்றும் போகலாம். ஆகவே பணம் செலவழிக்க விரும்புவோர் முதலில் வாங்க வேண்டியது நல்ல காற்றுப் பம்பும் அமுக்கமானியும்தான். பளபளப்பான முன்விளக்குகள் பிறகு.

இரண்டாவது வேலை, வாகனம் பிறக்கும்போதே பெற்றிருந்ததை மீட்பது. பழைய ஜீப்புகள் பலவற்றில் முன்சில்லுகளுக்குச் சக்தி கொடுக்கும் பகுதி பல ஆண்டுகளாகத் தொடப்படாமல் கிடக்கிறது. எண்ணெய் கெட்டிருக்கும், முன்சில்லின் நடுவிலுள்ள பூட்டு இறுகியிருக்கும். அதைக் கழற்றிக் கழுவிக் கிறீஸ் இட்டாலே பாதி வாகனம் திரும்பக் கிடைக்கும். நான்கு சில்லுக்கும் சக்தி கொடுப்பது மணலுக்கும் சேற்றுக்கும் மட்டுமே. இந்த வகைப் பழைய ஜீப்புகளில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலப் பூட்டப்படுகின்றன. வளைவில் முன்சில்லுகள் கூடுதல் தூரம் ஓடவேண்டும். மணலில் அந்த வித்தியாசத்தைச் சறுக்கிச் சமாளிக்கும். தாரில் சறுக்க இடமில்லாததால் பல்லுச் சில்லுகள் முறுகி உடையும்.

அப்படி நான்கு சில்லும் இயங்கியும் ஏன் சில வேளை சிக்கிக்கொள்கிறது? காரணம் டிபரன்சியல். வளைவில் வெளிச்சில்லு உட்சில்லைவிட வேகமாக ஓட இடங்கொடுப்பதே அதன் வேலை. ஆனால் ஒரு சில்லு இளகிய மணலில் சும்மா சுற்றத் தொடங்கினால், மற்றச் சில்லுக்கும் அதே சொற்ப முறுக்குவிசைதான் கிடைக்கும். அது அசையாமல் நிற்கும். இதைத் தடுக்கும் பூட்டு ஒன்றைப் பொருத்தலாம். விலை அதிகம். பாதிச் சாமானோடு மணலில் மெதுவாகப் போகிறவர்களுக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. நானா இதை ஒத்துக்கொள்ளவில்லை.

இனிப் பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி. பலர் முதலில் செய்வது வாகனத்தை உயர்த்துவதும் பெரிய ரயர் போடுவதும். உயர்த்தினால் புவியீர்ப்பு மையம் மேலே போகும். உயரமான, ஒடுங்கிய ஜீப் சடுதியாகத் திருப்பினால் புரள்வதற்கு அதுவே போதும். ஸ்பிரிங்குக்கு மேலதிகத் தகடு சேர்த்தால் பாரம் தாங்கும், ஆனால் வெறும் வாகனத்தில் பின்னால் இருப்பவரின் முதுகு தாங்காது. 28 அங்குல விட்டமுள்ள ரயருக்குப் பதிலாக 31 அங்குல ரயரைப் போட்டால், ஒரு சுற்றில் வாகனம் ஏறத்தாழ 11 வீதம் கூடுதலாக ஓடும். வேகமானியோ பழைய கணக்கையே சொல்லும். அது 50 என்று காட்டும்போது உண்மையில் 55 இல் போய்க்கொண்டிருப்பீர்கள். பிறேக் அதே பழைய பிறேக். பாடசாலை விடும் நேரத்தில், பிள்ளைகள் கடக்கும் வீதியில், அந்த ஐந்து கிலோமீற்றர் சின்ன விடயமல்ல. ரயரை ஓர் அளவு கூட்டினால் பிறேக்கை முதலில் சரிபார்க்க வேண்டும். இரண்டையும் செய்யக் காசில்லையென்றால் பிறேக்கை மட்டும் செய்யுங்கள்.

மாரி காலத்து வெள்ளத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். காற்று உள்ளிழுக்கும் குழாயைக் கூரையளவுக்கு உயர்த்துவதன் காரணம் அழகல்ல. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாததால் நனைந்தாலும் ஓடும் என்று சிலர் நினைக்கிறார்கள். காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். அதைவிட மலிவான, பலர் மறக்கும் வேலை ஒன்று உண்டு. அச்சுகளின் மேலுள்ள சிறிய மூச்சுத் துவாரங்களுக்கு இறப்பர்க் குழாய் பொருத்தி மேலே கொண்டுவருவது. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்தத் துவாரத்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். ஓடும் வெள்ளத்தில் இறங்கவே கூடாது என்பது வேறு விடயம்.

கடற்கரையிலிருந்து வந்த அன்றே அடிப்பகுதியை நன்னீரால் கழுவவேண்டும். அலுமினிய உடலுள்ள பழைய லாண்ட் றோவர் துருப்பிடிக்காது என்பார்கள். அதன் செசி உருக்கு. அலுமினியமும் உருக்கும் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் ஒரு மின்கலமே உருவாகிறது, அரிக்கப்படுவது அலுமினியம். இரசாயனவியல் மாணவிகள் இதை எனக்கு மேலாக விளக்குவார்கள்.

சிக்கினால் எஞ்சினை உறுமவிடாதீர்கள், அது குழியை ஆழமாக்கும். மண்வெட்டியும் நாலு பனைமட்டையும் பழைய சாக்கும் பெரும்பாலும் போதும். கயிறு கட்டி இழுப்பதானால் செசியிலுள்ள கொளுக்கியில் கட்டவேண்டும், பம்பரில் அல்ல. கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கைப் போட்டால், அறுந்தாலும் பாய்ந்து வரும் வேகம் குறையும். பிள்ளைகள் தூரத்தில் நிற்கட்டும்.

எங்கே இறங்கலாம் என்பது இன்னும் முக்கியம். மணற்காட்டு மணற்குன்றுகள் விளையாட்டுத் திடலல்ல. ஊருக்கும் கடலுக்கும் இடையில் நிற்கும் மதில் அவை. அங்கே மணலில் புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த மணல் எப்படி நகரும் என்று தெரியும். அதை நிறுத்தத்தான் சவுக்கு நட்டார்கள். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அங்கே அனுமதிக்கப்பட்ட பாதையை விட்டு விலகக்கூடாது. முகமாலைப் பக்கம் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் நிற்கும் இடங்களில் பாதையோரத்துப் புல்லில்கூடச் சில்லு படக்கூடாது. வெயிலில் முழந்தாளிட்டு அந்த மிதிவெடிகளை அங்குலம் அங்குலமாக அகற்றுகிறவர்களில் பலர் பெண்கள். எந்தப் பழைய ஜீப்பையும்விட அவர்களைப் பற்றியே இந்த இதழில் ஒரு தனிக் கட்டுரை எழுதலாம்.

கடைசியாகக் கடதாசி வேலை. எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம் என்பன வாகனப் பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. எஞ்சினை மாற்றினாலோ வேறு நிறம் பூசினாலோ மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் வேலை தொடங்குமுன் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி, பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.